குட்டிப் பாம்புக்கு எவ்வளவு இடம், எவ்வளவு சூடு?

கே: கார்ன் ஸ்னேக் குட்டி, ஒரு முழம் இருக்கும். இப்போதே 4 அடி டேங்க் வாங்கிவிடலாமா? பெரிய டேங்கில் குட்டி இரை எடுக்காது என்கிறார்களே? – ஸ்கார்பரோ வாசகர்

ப: தாராளமாக வாங்குங்கள். பெரிய இடம் பாம்பை மிரட்டாது, மொட்டைத் தரைதான் மிரட்டும். சூடான பக்கம் ஒரு மறைவிடம், குளிர்ந்த பக்கம் ஒரு மறைவிடம். சுருண்டு படுத்தால் உடம்பு சுவரில் உரசுகிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். நடுவில் மரப்பட்டை, காய்ந்த சருகு, பிளாஸ்டிக் கொடி என்று எதையாவது நிரப்புங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குட்டி ஒளிந்தபடியே போக முடிந்தால் சரி. அவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் முதல் வருடம் 2 அடி போதும். சறுக்குக் கதவு வைத்த டேங்க் என்றால் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று வருகிற இடத்து இடைவெளியை முதலில் அடைத்துவிடுங்கள். பென்சில் நுழைந்தால் குட்டியும் நுழையும்.

கே: வளர்ந்த பால் பைத்தானுக்கு (ball python, மலைப்பாம்பு வகை) என்ன அளவு டேங்க்? – கோவை வாசகர்

ப: 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். பாம்பு நேராக நீட்டிப் படுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பெண் பாம்பு 5 அடியைத் தொட்டால் டேங்கும் வளர வேண்டும்.

கே: 14 வாட் ஹீட் மேட் (டேங்கின் அடியில் வைக்கும் சூட்டு விரிப்பு) வாங்கினேன். இத்தனை சின்னதற்குத் தெர்மோஸ்டாட் (சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் கருவி) தேவையில்லை என்றார் கடைக்காரர். சரிதானே? – லண்டன் வாசகர்

ப: தவறு. இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எவ்வளவு சூடு வரும் என்பதைத்தான் வாட் சொல்லும்; எங்கே நிற்கும் என்று சொல்லாது. மேட்டின் மேல் நாலு விரல் உயரத்துக்கு மரத்தூளைக் கொட்டினால் சூடு வெளியேற வழியின்றித் தேங்கும். கண்ணாடி 40 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். குட்டி தூளைத் துளைத்துக்கொண்டு நேராக அங்கேதான் போய்ப் படுக்கும். சுட்டால் விலகிவிடும் என்று நம்பாதீர்கள். சுடுகிற தரையிலேயே மணிக்கணக்கில் கிடந்து வயிறு வெந்த பாம்புகளை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதலில் வயிற்றுச் செதில் இளஞ்சிவப்பாகும், அப்புறம் பழுப்பேறிப் பொருக்குத் தட்டும். சட்டை உரிக்கும்போதுதான் பலர் கவனிக்கிறார்கள்.

தெர்மோஸ்டாட் வாங்கியவர்களும் அதன் புரோபை, அதாவது சூட்டை அளக்கும் முனையை, காற்றில் தொங்கவிடுகிறார்கள். காற்று 30 டிகிரி ஆகும்வரை மேட் எரிந்துகொண்டே இருக்கும். தரை என்ன ஆகும்? புரோபை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து, உள்தரை கார்ன் ஸ்னேக்குக்கு 30, பால் பைத்தானுக்கு 32 வருகிற மாதிரி செட் செய்யுங்கள். டேங்குக்குள் ஒட்டும் டேப் மட்டும் வேண்டாம், செதிலோடு பிய்ந்து வரும். சுவரில் ஒட்டுகிற வட்ட தெர்மாமீட்டர் அந்தச் சுவரின் சூட்டைத்தான் காட்டும். தூக்கிப் போட்டுவிட்டு டிஜிட்டல் வாங்குங்கள். மேட்டுக்கு ஆன்-ஆஃப் வகை தெர்மோஸ்டாட்டே போதும். செராமிக் ஹீட்டருக்குப் பல்ஸ் வகை, பல்புக்கு டிம்மர் வகை. மேலே மாட்டுகிற எதற்கும் கம்பிக்கூடு கட்டாயம்.

கே: என் பாம்பு மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை. என்ன செய்வது? – ஊர் பெயர் இல்லை

ப: ஊர் பெயர் மட்டுமா இல்லை? என்ன பாம்பு, என்ன வயது, சூடான பக்கம் எத்தனை, குளிர்ந்த பக்கம் எத்தனை, ஒன்றும் இல்லை. அளந்து எழுதுங்கள். அதுவரை பாம்பைக் கையில் எடுக்காதீர்கள்.

கே: ராத்திரி சிவப்பு பல்பு போடலாமா? – பர்மிங்காம் வாசகர்

ப: வேண்டாம். இரவில் சூடு தேவையென்றால் வெளிச்சமே தராத செராமிக் ஹீட்டர். தெர்மோஸ்டாட்டோடு.

கே: சென்னை வெயிலில் பால் பைத்தான் குட்டிக்கு ஹீட்டர் எதற்கு? – வேளச்சேரி வாசகர்

ப: மே மாதத்தில் உங்கள் கவலை சூடு அல்ல, குளிர்ந்த பக்கம். அது 25-27 இருக்க வேண்டும். அறையே 36 என்றால் பாம்புக்கு ஒதுங்க இடமில்லை. தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்கும், டேங்கைக் குளிர்விக்காது. ஏசி அறைக்கு மாற்றுங்கள். அங்கே சூடான பக்கத்துக்கு ஹீட்டர் வேண்டியிருக்கும், காற்றும் காய்ந்துபோகும். ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், இல்லையென்றால் சட்டை துண்டு துண்டாக உரியும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாயிற்றா? பால் பைத்தான், உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது; 2024 விதிகளின்படி பதிவு கட்டாயம்.

கே: தோட்டத்தில் சாரைக் குட்டி பிடித்தோம். எந்த டேங்க் நல்லது? – மதுரை வாசகர்

ப: எந்த டேங்கும் இல்லை. நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது சாரைதான் என்று உங்களுக்கு யார் சொன்னது?

கே: சிங்கப்பூரில் புதிதாக வளர்ப்பவருக்கு ஏற்ற பாம்பு எது?

ப: அங்கே பாம்பு வளர்க்க அனுமதியே இல்லை.

கே: பனிப்புயலில் மின்சாரம் போனால் என்ன செய்வது? – மார்க்கம் வாசகர்

ப: சில மணி நேரம் 20 டிகிரிக்கு இறங்கினால் ஆரோக்கியமான குட்டிக்கு ஒன்றும் ஆகாது. காற்று போகும் வழியை விட்டுவிட்டு டேங்கைக் கம்பளியால் போர்த்துங்கள். சுடுநீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றி டேங்குக்கு வெளியே, ஒரு பக்கமாக மட்டும் சாத்தி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அந்த வாரம் எலிக்குஞ்சு கொடுக்காதீர்கள். சூடில்லாமல் இரை செரிக்காது, கக்கிவிடும். கக்கினால் பத்து நாள், முடிந்தால் இரண்டு வாரம், இரையே வேண்டாம். பிறகு வழக்கத்தைவிடச் சின்னதாக ஒன்று.