890 என்று இருந்தால் இந்தியப் பொருளா?

கேள்வி: பார்கோடு எண் 890 என்று தொடங்கினால் அது இந்தியாவில் விளைந்த பொருள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதைப் பார்த்துத்தான் முந்திரி, பெருங்காயம் எல்லாம் வாங்குகிறேன். சரிதானே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சரியில்லை. இனி அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 என்ற உலக அமைப்பின் இந்தியக் கிளையில், பொருளை விற்கும் நிறுவனம் பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறது, 890க்கு அவ்வளவுதான் அர்த்தம். வெளிநாட்டுச் சரக்கை வாங்கி இங்கே பாக்கெட் போட்டு விற்றாலும் 890 வரும்.

பெருங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வாங்கும் பெருங்காயத்தின் பிசின் பெரும்பாலும் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தானிலிருந்து வருவது. அந்தச் செடியை இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் நட்டுப் பார்க்கத் தொடங்கியதே 2020இல்தான். வந்த பிசினோடு மைதாவும் வேலம்பிசினும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக்கி டப்பாவில் அடைக்கிறார்கள். அதில் ஆப்கானிஸ்தான் பெயர் இருக்காது. ஏனென்றால், ஒரு உணவுப்பொருளின் தன்மையே மாறும்படி இன்னொரு நாட்டில் பதப்படுத்தினால், பதப்படுத்திய நாடுதான் லேபிளில் அதன் சொந்த நாடு என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020ஆம் ஆண்டு விதி.

முந்திரி விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. பண்ருட்டியிலும் கொல்லத்திலும் உடைக்கிற கொட்டையில் ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியாவிலிருந்து கப்பலில் வருவதும் நிறைய. அது மட்டம் என்று நான் சொல்லவில்லை, உடைத்துத் தோல் நீக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு அதனால்தான் வருஷம் முழுக்க வேலை கிடைக்கிறது. ஆனால் கடலூர் மாவட்ட விவசாயிக்குப் போய்ச் சேரட்டும் என்று பத்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்குகிறவருக்கு, கொட்டை எங்கே விளைந்தது என்று தெரிய வேண்டாமா? ஆஸ்திரேலியாவில் தயாராகும் பெரும்பாலான உணவுப் பாக்கெட்டுகளில், உள்ளே இருப்பதில் எத்தனை சதவீதம் உள்நாட்டில் விளைந்தது என்று கங்காரு படத்தோடு ஒரு பட்டை போட்டுக் காட்ட வேண்டும், 2018 ஜூலையிலிருந்து அது கட்டாயம். இங்கேயும் அதைக் கேட்டு வாங்க வேண்டும், தாமதமே கூடாது.

அதுவரைக்கும் இறக்குமதிப் பாக்கெட் என்றால் 'கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்' (சொந்த நாடு) வரியையும் இறக்குமதி செய்தவர் முகவரியையும் பாருங்கள். இங்கே பாக்கெட் போட்டது என்றால் நுகர்வோர் தொடர்பு எண் அதில் இருக்கும், போட வேண்டும் என்பது சட்டம். போன் செய்து, கொட்டை எந்த ஊரிலிருந்து வந்தது என்று நேராகவே கேளுங்கள்.