மோரில் மிதக்கும் ஸ்டெரால்: பொடியை விட்டு எஸ்டருக்கு மாறுங்கள்

கொழுப்பு நீக்கிய மோரில் தாவர ஸ்டெரால் (கொலஸ்ட்ரால் உறிஞ்சலைக் குறைக்கச் சேர்க்கும் தாவரப் பொருள்) பொடி எவ்வளவு அடித்தும் மேலே மிதக்கிறது, நாக்கில் மணலாய் நெருடுகிறது என்கிறீர்கள். பொடியில் குறையில்லை. ஸ்டெரால் தண்ணீரில் கரையாது. அதன் படிகம் உருகவே சுமார் 140 டிகிரி வேண்டும். கரைக்கப் பார்க்காமல், நுண்துளிகளாகச் சிதறச் செய்யுங்கள்.

பொடிக்குப் பதில் ஸ்டெரால் எஸ்டர் வாங்குங்கள். கொழுப்பு அமிலத்தோடு இணைத்த ஸ்டெரால் இது, உறைந்த நெய் மாதிரி இருக்கும். அதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் ஸ்டெரால். 200 மி.லி.க்கு 2 கிராம் ஸ்டெரால் என்றால், லிட்டருக்கு 16.5 கிராம் எஸ்டர். அதோடு 2 கிராம் சோயா லெசித்தின் (கொழுப்பையும் தண்ணீரையும் கலக்கவைக்கும் பொருள்) சேர்த்து 65 டிகிரியில் தெளியும்வரை உருக்குங்கள்.

மோருக்கு உறை ஊற்றப்போகும் கொழுப்பு நீக்கிய பாலும் அதே சூட்டில் இருக்கட்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: ஆறிய பாலில் ஊற்றினால் எஸ்டர் பட்டவுடன் குருணையாகிவிடும், பிறகு மீட்க முடியாது. வேகமாக அடித்தபடி நூல்போல் ஊற்றி, ஹோமோஜெனைசரில் (கொழுப்பை அழுத்தத்தால் நுண்துளிகளாக உடைக்கும் இயந்திரம்) 200 பார் அழுத்தத்தில் இருமுறை விடுங்கள். மிக்ஸி போதாது, மறுநாளே ஆடை கட்டும். பாஸ்டரைஸ் செய்து ஆறவிட்டு, அதன்பிறகே உறை ஊற்றுங்கள். தயிரில் தண்ணீர் விட்டுக் கடைந்தால் அளவைத் திரும்பக் கணக்கிடுங்கள்.

லெசித்தினைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 1999இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பொடியாகத் தந்த 1 கிராம் சிட்டோஸ்டனால் (ஸ்டெரால் வகைப் பொருள்) கொலஸ்ட்ரால் உறிஞ்சலைப் பெரிதாகக் குறைக்கவில்லை. லெசித்தினோடு தந்த 0.7 கிராம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது.

நாளுக்கு 3 கிராம் ஸ்டெராலைத் தாண்ட வேண்டாம். சிட்டோஸ்டெரோலீமியா (தாவர ஸ்டெரால் உடலில் சேர்ந்துவிடும் அரிய பரம்பரை நோய்) உள்ளவர்கள் தொடவே கூடாது என்று லேபிளில் போடுங்கள்.