மல்லிகைப் பையில் பூஞ்சணம்: வெட்டிவேருக்கு மாறுங்கள்

தங்கச்சி, சேலை மணக்கவென்று காய்ந்த பூப் போட்டுத் தைத்து அலுமாரியில் வைத்த மல்லிகைப் பை ஒரு கிழமையிலேயே மணம் போய்ப் பூஞ்சணமும் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தையலில் பிழை இல்லை, பூவில்தான் பிழை. மல்லிகை காய்ந்தால் மணம் நிற்காது. உள்ளே கொஞ்சம் ஈரம் மிஞ்சினாலும் பூஞ்சணம் பிடிக்கும், யாழ்ப்பாணத்துக் கார்த்திகை மழைக்குச் சொல்லவே வேண்டாம்.

வெட்டிவேர் வாங்குங்கள். அதன் எண்ணெய் மெல்லத்தான் ஆவியாகும், மணம் மாதக்கணக்கில் நிற்கும். மண் போகக் கழுவி, நிழலில் காற்றாட விடுங்கள். கையில் கசக்கினால் சரசரக்க வேண்டும். துவண்டால் இன்னும் காயவில்லை. விரல் நீளத்துக்கு வெட்டி, கறுவாப்பட்டையும் நாலைந்து கராம்பும் ஒன்றிரண்டாக உடைத்துச் சேருங்கள். தூளாக்க வேண்டாம், துணியால் கசிந்து சேலையில் படியும்.

பைக்குப் பழைய பருத்தி வேட்டித் துண்டே திறம். தடித்த துணியென்றால் மணம் உள்ளேயே கிடக்கும். வாசனை எண்ணெய் விட விருப்பமென்றால் வேரில் விட்டு, நன்றாக ஊறிய பிறகு தையுங்கள். பட்டில் பட்டால் கறை லேசில் போகாது. கூறைச்சேலைத் தட்டில் பையை வைக்கவே வேண்டாம், கதவுப் பக்கம் கொளுவிவிடுங்கள். அப்புறம், மணம் குறைந்தால் பையை ஒருக்கால் கசக்கிப் பாருங்கள், திரும்ப வரும்.