நூற்றுக்கு நூறு என்றால் நம்பலாமா? – வாசகர் கேள்வி பதில்

அரசு அலுவலகங்களின் செயல்பாட்டைத் தரவு கொண்டு அளப்பது, பணியாளர் சீர்திருத்தம் ஆகியவை குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு, நிர்வாகத்திலும் புள்ளியியலிலும் பழகியவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: நான் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதாமாதம் "100 விழுக்காடு குறித்த காலத்துக்குள் முடித்தோம்" என்று அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தோம். புதிய தலைமை வந்து பழைய நிலுவையை எல்லாம் முடிக்கச் சொன்னார். முடித்தோம். அந்த மாதம் எங்கள் மதிப்பெண் பாதியாக விழுந்துவிட்டது. வேலை செய்ததற்குத் தண்டனையா?

தண்டனைதான். கொடுத்தது அளவுகோல். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

மாதம் 100 விண்ணப்பம் வருகிறது, காலக்கெடு 15 நாள் என்று வைத்துக்கொள்வோம். 90 எளிதானவை; கெடுவுக்குள் முடிந்துவிடும். மீதி 10 சிக்கலானவை: பழைய ஆவணம் தேட வேண்டும், வேறொரு துறையின் கருத்தைக் கேட்க வேண்டும். அவை அப்படியே கிடக்கின்றன. அறிக்கை "முடித்தவற்றில் எத்தனை கெடுவுக்குள்?" என்று மட்டும் கேட்கிறது. முடித்தது 90, கெடுவுக்குள் 90. ஆகவே 100 விழுக்காடு. ஓராண்டில் 120 கோப்பு தேங்கிவிட்டது. அறிக்கையில் அதன் நிழல்கூட விழவில்லை. பதின்மூன்றாம் மாதம் அதில் 60-ஐ முடிக்கிறீர்கள். அந்த மாதம் முடித்தது மொத்தம் 150, அதில் கெடுவுக்குள் 90. விழுக்காடு 60. வேலை கூடியது, மதிப்பெண் இறங்கியது. அடுத்த முறை யாராவது பழைய கோப்பைத் தொடுவார்களா?

மாற்று இதுதான். முடிந்த மாதத்தை வைத்து எண்ணாமல், வந்த மாதத்தை வைத்து எண்ணுங்கள். ஜனவரியில் வந்த 100-ல் 15 நாளில் எத்தனை முடிந்தது, 30 நாளில் எத்தனை, 90 நாளில் எத்தனை? இந்தக் கணக்கில் உங்கள் அலுவலகம் முதல் நாளிலிருந்தே 90-தான். 100 என்பது ஒருபோதும் இருந்ததில்லை. கூடவே நிலுவையின் வயதையும் ஒரு சின்ன அட்டவணையாகப் போடுங்கள்: 15 நாள் வரை, 16–30, 31–90, 90-க்கு மேல். கடைசிக் கட்டத்தில் இருக்கும் எண் குறைந்தால் பாராட்டு என்று சொல்லிவிட்டால், சிக்கலான கோப்புக்கும் ஓர் ஆதரவு கிடைக்கும்.

இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. "விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது" என்று குறித்ததும் நாள் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால், பதினான்காம் நாளில் திருப்பி அனுப்பப்படும் கோப்புகள் குவிந்திருக்கும். அடுத்து, நிராகரித்ததும் "உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கப்பட்டது" என்று பதில் போட்டதும் "முடிவு" என்ற தலைப்பில் சேர்கின்றனவா? சேர்ந்தால் தனித்தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மனுதாரருக்கு அது முடிவே அல்ல.

கேள்வி: சராசரி 20 நாள் என்று அறிவிப்புப் பலகையில் போடுகிறார்கள். என் கோப்பு ஐந்தே நாளில் முடிந்தது. நண்பர் ஐந்து மாதமாக அலைகிறார். யார் கணக்கு சரி?

மூன்றும் சரியாக இருக்கலாம். ஒன்பது கோப்பு 5 நாளில், ஒரு கோப்பு 155 நாளில் முடிந்தால் கூட்டுத்தொகை 200, சராசரி 20. அந்த 20 நாள் காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. பலகையில் இரண்டு எண் போட வேண்டும்: காத்திருந்த நாள்படி எல்லாரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் இருப்பவர் எத்தனை நாள் காத்திருந்தார், பத்தில் ஒன்பது பேருக்கு எத்தனை நாளுக்குள் முடிந்தது.

கேள்வி: இலக்கு வைத்தால்தான் அரசு எந்திரம் நகரும் என்கிறார்கள், இலக்கு வைத்தால் பொய்க்கணக்கு எழுதுவார்கள் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். பிரிட்டனின் ஆம்புலன்ஸ் சேவைக்கு ஓர் இலக்கு இருந்தது: உயிராபத்தான அழைப்புகளில் 75 விழுக்காட்டுக்கு 8 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சேவை வேகமானதும் உண்மை. ஆனால் சில இடங்களின் பதிவுகளை நிமிடவாரியாக வரைந்து பார்த்தபோது, எட்டாம் நிமிடத்தை ஒட்டி ஒரு மேடு, அதைத் தாண்டியதும் திடீர்ப் பள்ளம். வண்டி ஓட்டத்தில் அப்படி ஒரு செங்குத்துச் சரிவு இயற்கையாக வராது; தூரமும் நெரிசலும் எட்டு நிமிடத்தைப் பார்த்து நடப்பதில்லை. சில நிமிடங்கள் பேனா முனையில் குறைந்திருந்தன. அவசர சிகிச்சைப் பிரிவில் 4 மணி நேரத்துக்குள் நோயாளியை அனுப்ப வேண்டும் என்ற இலக்கிலும், கடைசிச் சில நிமிடங்களில் அனுப்பப்பட்டவர்களின் கூட்டம் இதே போல வரைபடத்தில் எழுந்து நின்றது.

அமெரிக்காவில் 2014-ல் வெளிவந்தது இன்னும் கனமான சங்கதி. முன்னாள் படைவீரர்களுக்கான ஃபீனிக்ஸ் மருத்துவமனையில், மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த சுமார் 1,700 பேர் அதிகாரபூர்வக் காத்திருப்போர் பட்டியலிலேயே இல்லை என்று தணிக்கை கண்டது. பட்டியலில் இல்லாதவருக்குக் காத்திருப்பு நாளும் இல்லை அல்லவா? துறைச் செயலர் எரிக் ஷின்செகி அந்த மே மாதமே பதவி விலகினார்.

ஓர் அளவு இலக்காக மாறியதும் அளவாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்பதைப் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட்டின் பெயரால் 'குட்ஹார்ட் விதி' என்கிறார்கள். அவர் 1975-ல் நாணயக் கொள்கை பற்றிச் சொன்னதன் சாரம் அது. நடைமுறையில் செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று, எந்த அளவையும் ஜோடியாக வையுங்கள். வேகத்துக்கு ஜோடி, திரும்பி வரும் புகார். கைது எண்ணிக்கைக்கு ஜோடி, நீதிமன்றத்தில் நிரூபணமாகும் வழக்கு. ஒன்றை ஏமாற்றினால் மற்றொன்று காட்டிக்கொடுக்க வேண்டும்.

அடுத்தது, எண்ணை எழுதுபவரும் அந்த எண்ணால் மதிப்பிடப்படுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. முடிந்ததாகக் குறித்தவற்றில் மாதம் 50-ஐக் குலுக்கிப் போட்டு எடுத்து, வேறொரு பிரிவு விண்ணப்பதாரரைத் தொலைபேசியில் அழைத்து மூன்றே கேள்வி கேட்கட்டும்: வேலை முடிந்ததா, எந்தத் தேதியில், எத்தனை முறை வந்தீர்கள்? 50-ல் 10 பேர் "முடியவில்லை" என்றால் 20 விழுக்காடு. இவ்வளவு சிறிய மாதிரியில் அது 9 முதல் 31 வரை எங்கும் இருக்கலாம், துல்லியம் போதாது. ஆனால் அறிக்கை 100 என்று சொல்லும்போது அதை உடைக்க இந்தத் துல்லியம் தாராளம். 50-ஐத் தேர்ந்தெடுப்பது கணினியாக இருக்க வேண்டும். பிரிவுத் தலைவர் எடுத்துக் கொடுக்கும் 50 செல்லாது.

வரைந்து பார்ப்பதும் செலவில்லாத சோதனை. காலக்கெடுவை ஒட்டி மேடு, அதற்கடுத்த நாளே பள்ளம். எல்லா எண்ணும் 0, 5-ல் முடிவது. மாதக் கடைசி மூன்று நாளில் பாதி வேலை முடிந்ததாகக் காட்டுவது. இவற்றைக் கண்டதும் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று துள்ள வேண்டாம். தேதியை மொத்தமாக ஒரே நாளில் உள்ளிடும் பழக்கமும் இப்படித்தான் தெரியும். நேரில் போய் ஒரு பத்துக் கோப்பைப் புரட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அலுவலகங்களைத் தரவரிசைப்படுத்தி முதலிடத்துக்குக் கேடயம், கடைசி இடத்துக்கு விளக்கம் கேட்டு ஓலை. இந்த முறையில் என்ன கோளாறு?

சிறிய அலுவலகங்களே உச்சியிலும் அடியிலும் மாறி மாறி வரும். எல்லா அலுவலகத்திலும் உண்மையான புகார் வீதம் 10 விழுக்காடுதான் என்று கொள்வோம். ஆண்டுக்கு 2,000 பேர் வரும் இடத்தில் தற்செயலால் அது 8.7 முதல் 11.3 வரை ஆடும். 20 பேரே வரும் இடத்தில் பூஜ்யம் முதல் 23 வரை ஆடும். ஆகவே இவ்வாண்டு கேடயம் வாங்கியவர் அடுத்த ஆண்டு ஓலை வாங்குவார். நடுவில் அவர் எதையும் மாற்றியிருக்கமாட்டார். கடிந்துகொண்டதால் அடுத்த ஆண்டு திருந்தினார்கள் என்று மேலதிகாரி நினைப்பதும் இந்த ஆட்டத்தால் வரும் மயக்கமே.

இதற்குப் புனல் வரைபடம் என்று ஒன்று இருக்கிறது. கிடைக்கோட்டில் விண்ணப்ப எண்ணிக்கை, செங்குத்தில் புகார் வீதம். தற்செயலால் எதுவரை ஆடலாம் என்று காட்டும், எண்ணிக்கை கூடக் கூடக் குறுகும் இரண்டு எல்லைக் கோடுகள். கோட்டுக்கு வெளியே விழும் அலுவலகத்தை மட்டும் கேளுங்கள். உள்ளே இருப்பவர்களை வரிசைப்படுத்துவது சீட்டுக் குலுக்கலுக்குச் சமம்.

கேள்வி: தரவு இருக்கிறதே, அதை வைத்துப் பணியாளருக்கு ஊக்கத்தொகை, பதவி உயர்வு என்று கொடுத்துவிட்டால் சீர்திருத்தம் முடிந்ததுதானே?

அவசரம் வேண்டாம். வரிவசூல் போல எண்ணிக்கை தெளிவாகத் தெரியும் வேலைகளில் ஊக்கத்தொகை ஓரளவு பலிக்கும். ஒரே ஆள் பத்து வகை வேலை செய்யும் இடத்தில், எண்ணக்கூடிய இரண்டை மட்டும் செய்துவிட்டு எட்டைக் கைவிடுவார். மேலதிகாரி போடும் மதிப்பெண்ணை வைத்துக் கொடுக்கலாம் என்றால் அதுவும் ஊதிப்போன சரக்கு. அமெரிக்க மத்திய அரசின் நிரந்தரப் பணியாளர்களில், உயர்மட்டத்தினர் நீங்கலாக, 2013-ல் சுமார் 99 விழுக்காட்டினர் "முழுத் திருப்தி" அல்லது அதற்கும் மேலான நிலை பெற்றிருந்தார்கள். எல்லாரும் நல்லவர் என்று சொல்லும் மதிப்பீடு யாரையும் பிரித்துக் காட்டாது. பத்து விழுக்காட்டினரைக் கட்டாயம் கீழே தள்ள வேண்டும் என்று விதி போட்டால், புதிதாக வந்தவரும் கேள்வி கேட்பவரும் அந்தப் பத்தில் போய்ச் சேர்வார்கள்.

பணியாளர் சீர்திருத்தத்தின் பழைய பாடம் ஆளெடுப்பில் இருக்கிறது. பிரிட்டனில் 1854-ன் நார்த்கோட்–ட்ரெவெல்யன் அறிக்கை தேர்வு மூலம் ஆளெடுக்கச் சொன்னது. அமெரிக்காவில், பதவி கிடைக்காத ஒருவர் 1881-ல் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்ட பிறகு, தேர்வு மூலம் ஆளெடுக்க வழிசெய்த பெண்டில்டன் சட்டம் 1883-ல் வந்தது. பிற்காலத்தில் எவன்ஸ், ராவ்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 35 வளரும் நாடுகளை 1970–1990 காலத்துக்கு ஒப்பிட்டு, தகுதி பார்த்து ஆளெடுப்பதும் நிலையான பணிவாழ்வும் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்தே செல்வதைக் காட்டினார்கள்.

எனவே முதலில் அளக்க வேண்டியவை வேறு. காலியிடம் உண்டானதிலிருந்து ஆள் வந்து சேரும் வரை எத்தனை நாள்? தேர்வு அறிவிப்பிலிருந்து பணியாணை வரை? ஓர் அதிகாரி ஒரே இடத்தில் சராசரியாக எத்தனை மாதம் இருக்கிறார்? எட்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றப்படுபவரை ஆண்டு இலக்கு கொண்டு அளப்பதில் பொருள் இல்லை. அவர் அறுப்பது முன்னவர் விதைத்தது.

சம்பளப் பட்டியலையும் பணிப் பதிவேட்டையும் பொருத்திப் பாருங்கள். பணியாளர் எண்ணை வைத்து இணையுங்கள். பெயரை வைத்து இணைத்தால் எழுத்து வேறுபாட்டில் பாதி தவறும். சம்பளப் பட்டியலில் மட்டும் இருப்பவர்கள், ஒரே வங்கிக் கணக்கு கொண்ட இருவர், ஓய்வு வயதைத் தாண்டியும் சம்பளம் பெறுபவர் என்று மூன்று பட்டியல் எடுங்கள். பெரும்பாலானவை பதிவுப் பிழையாக இருக்கும். ஆகவே சம்பளத்தை உடனே நிறுத்தாமல், நேரில் சரிபார்த்த பிறகு நடவடிக்கை எடுங்கள்.

கேள்வி: உலகத் தரவரிசையில் ஒரு நாடு பத்து இடம் முன்னேறியது என்று செய்தி வந்தால் மகிழலாமா?

கொஞ்சம் பொறுத்து மகிழுங்கள். உலக வங்கியின் 'தொழில் செய்யும் எளிமை' அறிக்கை 2018, 2020 பதிப்புகளின் தரவில் முறைகேடு தெரிந்ததால் 2021-ல் நிறுத்தப்பட்டது. அதே வங்கியின் ஆளுகைக் குறியீடுகள், அதாவது நாடுகளின் ஆட்சித் தரத்தை அளக்கும் எண்கள், 1996 முதல் வருகின்றன. ஒவ்வொரு எண்ணுக்கும் பிழை வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு ஆண்டுகளின் வரம்புகள் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், பத்து இடம் என்பது வெறும் அசைவாக இருக்கலாம்.

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்துக்கு எண்களை ஒரே திரையில் காட்டும் விலை உயர்ந்த டாஷ்போர்டு மென்பொருள் வேண்டுமா?

வேண்டாம். ஒரு விரிதாளில் ஏழு பத்தி போதும்: விண்ணப்ப எண், வகை, வந்த தேதி, இப்போது யார் மேசையில், அந்த மேசைக்கு வந்த தேதி, முடிவின் வகை, முடிந்த தேதி. முடியாததன் தேதிப் பத்தியை வெறுமையாக விடுங்கள். 01-01-1900 என்று நிரப்பினால் கணக்கு நாறிவிடும். வந்த தேதியைக் கணினியே பதிய வேண்டும். பின்னால் திருத்தினால் யார், எப்போது திருத்தினார் என்ற சுவடு நிற்க வேண்டும்.

அதன் பிறகு கூட்டம். துறைகளின் தரவைக் கூட்டத்தில் வைத்து அலச, அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சி 2000-ல் தொடங்கிய 'சிட்டிஸ்டாட்' முறையின் பலம் திரையில் ஓடிய வரைபடத்தில் இல்லை. துறைத் தலைவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து உட்கார வேண்டியிருந்ததிலும், சென்ற கூட்டத்தில் ஒப்புக்கொண்டதை முதல் கேள்வியாகக் கேட்டதிலும் இருந்தது. முதலில் அங்கே பார்த்தது கூடுதல் நேரச் சம்பளத்தையும் வருகையின்மையையும். உங்கள் கூட்டத்துக்கும் நாற்பது நிமிடம் போதும். நிலுவையில் மிக வயதான பத்துக் கோப்பை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் யாருடைய கையெழுத்து, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்று கூட்டத்திலும் ஒரே மேசையே வந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவரைக் கேட்கும் முன் அந்த மேசைக்கு எத்தனை வகைக் கோப்பு போகிறது என்று எண்ணுங்கள்.