எல்லாவற்றையும் நானே செய்ய வேணுமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பெரியகல்லாற்றில் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஐந்து. போன வருசம் நத்தாருக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வது என்று தொடங்கினேன். எங்கட அம்மா அப்படித்தான். எங்களுக்கெல்லாம் ஒரே துணியில் சட்டை, ரிச் கேக், முறுக்கு, பயத்தம் பணியாரம், வாசலில் நட்சத்திரக் கூடு, பாலன் குடில் என்று ஒன்றும் கடையில் வாங்கியதாக நினைவில்லை.

விடுமுறை விட்ட பிறகுதான் எனக்கு நேரம் கிடைத்தது. 23ஆம் திகதி இரவு பார்த்தால், கேக் மேலே கருகி நடுவில் வேகவில்லை. சின்னவளின் சட்டைக்குக் கை பூட்டவில்லை. நட்சத்திரத்துக்கு ஒட்டின தாள் மழையில் ஊறி விழுந்துவிட்டது. இவர், “கல்முனையில ஒரு மணித்தியாலத்தில எடுத்திரலாம், உனக்கேன் இந்த வருத்தம்?” என்றார். எரிச்சலில் மூத்தவளுக்கு அடித்தும் விட்டேன். சட்டை கடைசியில் கடையில்தான் எடுத்தது.

அம்மாவின் கை எனக்கு வரவில்லையோ என்ற கவலை இன்னும் இருக்கிறது. இந்த வருசம் விட்டுவிடவா? மருதமுனைக் கைத்தறித் துணி கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன், அதைப் பிள்ளைகளுக்குத் தைக்கலாமா? என்னோடு படிப்பிக்கும் மருதமுனை முஸ்லிம் டீச்சர் ஒருவர் ஒவ்வொரு பெருநாளைக்கும் வட்டிலப்பம் கொண்டுவந்து தருவா. அவவுக்குக் கேக் கொடுக்க ஆசை. பிராண்டி போட்டதை எப்படிக் கொடுப்பது?

வி., பெரியகல்லாறு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மா இருக்கிறா என்றால் இன்றைக்கே ஒன்று கேளுங்கள்: “கேக்குக்குக் கஜு வெட்டினது ஆர்?” ஒரு பெயர் வராது. பெரியம்மா, சின்னம்மா, பக்கத்து வீட்டு மாமி, விடுமுறைக்கு வந்த மச்சாள் என்று ஒரு பட்டியலே வரும். உங்கள் அம்மா எல்லாவற்றையும் செய்தவ என்பது பிள்ளைக் கண்ணுக்குத் தெரிந்த கணக்கு. அவ எல்லாவற்றையும் நடத்தினவ. ஒரு தெருப் பெண்கள் பகிர்ந்து செய்த வேலையை நீங்கள் விடுமுறை விட்ட பிறகு தனியாளாகச் செய்யப் பார்த்திருக்கிறீர்கள். கை வரவில்லை என்று கவலைப்பட இதில் ஒன்றுமில்லை. கைகள் போதவில்லை, அவ்வளவுதான்.

ரிச் கேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் கேக். 250 கிராம் ரவைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் பழமும் பருப்பும் போகும். பிளம்ஸ், சுல்தானா, செரி, இஞ்சித் தோசி, நீற்றுப்பூசணித் தோசி, கஜு எல்லாவற்றையும் பயறளவு சிறிதாகக் கத்தியால் வெட்ட வேண்டும். மெஷினில் போட்டால் களியாகிவிடும். மட்டக்களப்புத் தாண்டவன்வெளியில் எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு பின்னேரம் ஒதுக்குவார்கள். விறாந்தையில் பாய் விரித்து, ஆளுக்கொரு பலகையும் கத்தியும். கத்தியில் பழம் ஒட்டாமல் இருக்கப் பட்டர் தடவிய துணி ஒன்று நடுவில் கிடக்கும். சிறுபிள்ளைகளுக்குக் கஜுதான் தருவார்கள், பழம் கையில் பிசுபிசுக்கும் என்று. “கஜுவத் திங்காம வெட்டு மனே” என்று அம்மம்மா சொல்லிக்கொண்டே இருப்பா, தானும் ஒன்று வாயில் போடுவா. தோசி மட்டும் வேறு வீட்டிலிருந்து வரும். நீற்றுப்பூசணியை முள்ளுக்கரண்டியால் குத்தி, அவித்து, நீர் பிழிந்து, சீனிப் பாகில் காய்ச்சுவதற்குப் பொறுமையுள்ள ஒரு ஆள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தா. முட்டையும் சீனியும் அடிப்பது ஆம்பிளைகளின் வேலை. தோள் வலிக்க வலிக்க மாறி மாறி அடிப்பார்கள்.

அதைவிட முக்கியமானது, வேக வைத்ததும் எங்கள் வீடு அல்ல. கலவையைத் தட்டில் ஊற்றி, பெயர் எழுதிய துண்டு ஒன்றைச் செருகி, பேக்கரிக்குக் கொண்டுபோவோம். போறணையில் பாண் எடுத்து முடிந்த பிறகு, சூடு இறங்கிக்கொண்டு வரும் நேரத்தில்தான் கேக் தட்டுகள் உள்ளே போகும். இறங்கும் சூடுதான் ரிச் கேக்குக்கு வேண்டிய சூடு. உங்கள் கேக் மேலே கருகி நடுவில் மாவாக நின்றதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. ஓவனைச் சாதாரண பட்டர் கேக்குக்கு வைக்கிற மாதிரி வைத்திருப்பீர்கள். இதற்கு 150 பாகை செல்சியஸ் போதும், இரண்டு, இரண்டரை மணித்தியாலம் எடுக்கும். தட்டின் அடியிலும் ஓரத்திலும் பழைய பத்திரிகைத் தாளை நாலைந்து மடிப்பாகப் போட்டு, அதன் மேல் பட்டர் பூசிய ஒயில் பேப்பர் போடுங்கள். மேற்பக்கம் நிறம் பிடித்துவிட்டால் அதன் மேலும் ஒரு தாளை மூடிவிடலாம். ரவையைப் பட்டரோடு சேர்க்க முன் சட்டியில் வெறுமனே லேசாகச் சூடு காட்டுங்கள், நிறம் மாறக் கூடாது. ஆழமான ஒரு தட்டை விட ஆழமில்லாத இரண்டு தட்டு உங்களுக்கு நல்லது.

சட்டைக் கதையும் இப்படித்தான். எங்கள் தெருவில் வெட்டுகிற கை ஒன்று, தைக்கிற கை இன்னொன்று. ஒரு பறங்கி மாமி இருந்தா, அளவு நாடா கூட எடுக்காமல் பிள்ளையைத் திருப்பி நிறுத்திப் பார்த்துவிட்டு வெட்டுவா. அம்மாமார் அதை வீட்டு மெஷினில் ஓட்டி எடுப்பார்கள். பொத்தான், ரேந்தை, கீழ் மடிப்பு எல்லாம் கைத்தையல். அதைப் பெரிய அக்காமார் செய்வார்கள். ஒரே துணியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தைத்ததை இப்போது அழகு என்று நினைக்கிறோம். துணியை மொத்தமாக எடுத்தால் மலிவு, வெட்டும்போது சேதாரமும் குறைவு. அதுதான் காரணம். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். இல்லாமையில் பிறந்த பழக்கங்களைத் தாய்ப்பாசமாக மட்டும் படித்தால் உங்கள் தலைமுறைக்குக் குற்றவுணர்வுதான் மிஞ்சும்.

பிறகு அந்தத் தெருக்கள் கலைந்தன. 1990க்குப் பிறகு எத்தனை குடும்பங்கள் இடம்பெயர்ந்தன என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பறங்கியர் பலர் அவுஸ்திரேலியா போனார்கள், எங்கள் சின்னம்மாமார் கனடா. கேக் செய்முறை கொப்பியில் மிஞ்சியது, வெட்ட இருந்த கைகள் போய்விட்டன.

ஆகவே விட்டுவிடவா என்று கேட்டால், பாதியை விடுங்கள் என்பேன். முதலில் விட வேண்டியது பலகாரம். முறுக்கும் பயத்தம் பணியாரமும் உங்கள் ஊரிலேயே வீட்டில் சுட்டு விற்கிற பெண்கள் இருப்பார்கள். அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லி எடுங்கள். இன்னொரு பெண் தன் அடுப்பில் சுட்டதும் கைப்பலகாரம்தானே? தாச்சிக்கு முன்னால் இரவு ஒரு மணிக்கு நீங்கள் நிற்பதால் பணியாரத்துக்கு ருசி கூடிவிடாது. (2022இல் சமையல் கேஸுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் இந்தப் பெண்கள் விறகில் சுட்டுத் தந்ததைச் சாப்பிட்டுத்தான் எங்கள் வீட்டில் பண்டிகை நடந்தது.)

கேக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெட்டுகிற வேலைக்கு ஆள் கூப்பிடுங்கள். கூடப் படிப்பிக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒரு வீட்டில் ஒரு சனிக்கிழமை பழம் வெட்டி, ஆளுக்கொரு போத்தலாகப் பிரித்துக்கொண்டு போகலாம். பழத்தை மொத்தமாக வாங்கினால் செலவும் குறையும். பிராண்டியில் ஊறுகிற பழம் ஒக்டோபரிலேயே போத்தலுக்குள் போகலாம், கெடாது.

கைத்தறித் துணியைத் தாராளமாகத் தையுங்கள், ஆனால் மழைக்கு முன். எங்கள் பக்கம் நத்தார் வருவது வடகீழ்ப் பருவ மழைக்கு நடுவில். டிசம்பரில் நனைத்த துணி காயாது, காய்ந்தாலும் ஒரு மணம் நிற்கும். கைத்தறி முதல் தண்ணீரில் சுருங்கும் என்பதால் நனைக்காமல் வெட்டக் கூடாது. ஒரு இரவு தண்ணீரில் போட்டு, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவிட்டு, லேசான ஈரத்தோடு அயன் பண்ணிவிட்டு வெட்டுங்கள். இழை தளர்ந்த நெசவு என்றால் வெட்டிய ஓரம் உதிர்ந்துகொண்டே வரும். தையலுக்குத் தாராளமாகத் துணி விட்டு, ஓரத்தை உள்ளே அடக்கித் தையுங்கள், அல்லது கடையில் ஓவர்லொக் அடித்து எடுங்கள். கரை இருந்தால் அதைக் கீழ் ஓரமாக வைத்து வெட்டினால் பாவாடைக்கு மடிப்பே தேவையில்லை. கரை இல்லையென்றால் கீழே மூன்று அங்குலம் மடித்துத் தையுங்கள். அடுத்த வருசம் மடிப்பைப் பிரித்து இறக்கும்போது பழைய மடிப்பு ஒரு கோடாகத் தெரியும். அதன் மேல் ஒரு வரிசை ரேந்தை ஓட்டினால் புதுச் சட்டை. கை பூட்டுவதுதான் உங்களைக் கவிழ்த்தது என்றால் கையில்லாத சட்டை தையுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கை எதற்கு? அதுவும் கல்லாற்று வெக்கையில்?

நட்சத்திரக் கூட்டைக் கூரை இறப்புக்கு உள்ளே, சாரல் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். டிசு பேப்பர் மழையைத் தாங்காது, எவ்வளவு பசை போட்டாலும்.

குடிலை முழுதாகப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கை வைக்க வேண்டாம். பெரும்போக விதைப்பு முடிந்த நேரம் என்பதால் யாராவது வயல்காரர் வீட்டில் மிச்ச விதை நெல் ஒரு பிடி இருக்கும். அதை ஒரு இரவு ஊறப் போட்டு, ஈரச் சாக்கில் முளை கட்டி, மீன் ரின் மூடிகளிலும் சிரட்டைகளிலும் மண் போட்டு விதைக்கச் சொல்லுங்கள். நத்தாருக்குப் பத்து நாள் முன்னம் விதைத்தால் பாலனைக் கிடத்தும்போது விரலளவு பச்சை நிற்கும். சிறுபோக வைக்கோல் கூரைக்கு. மூத்தவளுக்கு இதில் முழு அதிகாரமும் கொடுங்கள். ஒட்டகம் ஆட்டை விடச் சிறிதாக நின்றாலும் மாற்றி வைக்காதீர்கள். போன வருசத்து அடிக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லையென்றால் கேட்டுவிடுங்கள், பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

உங்கள் கணவருக்கு முட்டை அடிக்கிற வேலை. மெஷின் இருந்தாலும் அவர்தான் பிடிக்க வேண்டும். மஞ்சள் கரு அதிகம் போகிற கேக் என்பதால் வெள்ளைக் கரு மிஞ்சும். அதை வீணாக்காமல் அடுத்த நாள் காலையில் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு எல்லோருக்கும் பொரித்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பில் இருக்கட்டும்.

மருதமுனை டீச்சருக்கு என்று ஒரு சிறு தட்டைத் தனியாகப் போடுங்கள். போட்ட கேக்கில் பிராண்டி குறைவு என்று சொல்லிக் கொடுக்கிற விசயமல்ல இது. அந்தப் பங்குப் பழத்தைத் தோடம்பழச் சாற்றிலும் தேனிலும் ரோஸ் வோட்டரிலும் ஊறவிடுங்கள். சாற்றில் ஊறியது பிராண்டியில் ஊறியது போல நாட்கணக்கில் நிற்காது என்பதால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் கேக்காக்கிவிட வேண்டும். வனிலா எசன்ஸிலும் மதுசாரம் இருக்கலாம், அதை விட்டு ஏலமும் கறுவாவும் சாதிக்காயும் போட்டால் மணத்துக்குக் குறைவில்லை. தட்டும் கரண்டியும் பிராண்டி படாததாக இருக்கட்டும், இந்தத் தட்டையே முதலில் ஓவனில் வையுங்கள். என்ன போட்டீர்கள், என்ன போடவில்லை என்று அவவிடம் நேரே சொல்லிக் கொடுங்கள். அவவுக்கும் அது வசதி. துண்டுகளைத் தீப்பெட்டி அளவில் வெட்டி, முதலில் ஒயில் பேப்பரிலும் பிறகு நிற டிசுவிலும் சுற்றி, இரண்டு பக்கமும் டிசுவைக் கத்தரியால் குஞ்சமாக நறுக்கிவிடுங்கள். அந்த வேலை உங்கள் சின்னவளுக்கு வரும்.

இந்தத் தட்டை மட்டும் பள்ளிக்கூடம் விடுமுறை விட முன்னமே போட்டுக் கொடுத்துவிடுங்கள். விட்ட பிறகு அவவைப் பிடிக்க மருதமுனைக்குத்தான் போக வேண்டி வரும்.

அன்புடன்,
அக்கா