வாசகர் கேள்வி – பதில்: பழைய பங்குக் குடும்பங்களைப் பார்க்கப் போகிறீர்களா?

கேள்வி: அப்பா மண்டபத்தில் வேலை பார்த்த நாள்களில் எங்களைச் சொந்தப் பிள்ளைகளாகப் பார்த்துக்கொண்ட பங்குக் குடும்பங்கள் (ஒரே கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்தவர்கள்) தொண்டி முதல் மூக்கையூர் வரை இருக்கின்றன. காரில் ஐந்து பேர், மூன்று நாள். எல்லா வீட்டுக்கும் போக முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: எல்லா வீட்டுக்கும் வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு வீடு போதும். ஒன்றில் மதியச் சாப்பாடு, ஒன்றில் மாலைக் காப்பி. ராமநாதபுரத்தில் அறை எடுங்கள். ஒரு நாள் வடக்கே தேவிபட்டினம், தொண்டி. ஒரு நாள் பாம்பன் தாண்டித் தங்கச்சிமடம், ராமேசுவரம். இன்னொரு நாள் கீழக்கரை, சாயல்குடி வழியாக மூக்கையூர். ஞாயிற்றுக்கிழமையைத் தீவுக்கு வைத்துக்கொண்டால், காலைப் பூசை முடிந்ததும் பங்குக் கோயில் முற்றத்திலேயே பத்துக் குடும்பங்களைப் பார்த்துவிடலாம். முந்தைய வாரமே கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியாரிடம் சொல்லி வையுங்கள். பெயரை மட்டும் சொன்னால் ஆள் அகப்பட மாட்டார். அந்தோணியும் சந்தியாகும் தெருவுக்கு நாலு பேர். அப்பா பெயர், வீட்டுப் பட்டப்பெயர் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடல் தொழில் வீடு என்றால் படகு கரைக்கு வரும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று காலை முழுதும் மீன் பிரிப்பதும் ஏலமும்தான், பிறகு தூக்கம். நாலு மணிக்கு மேல் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. கடன் வாங்கியாவது விருந்து வைப்பார்கள் என்பதால் அந்த மாதங்களில் காப்பியோடு நிறுத்திக்கொள்வதே அன்பு.

கேள்வி: வெறுங்கையோடு போகக் கூடாது. என்ன கொண்டுபோகலாம்?

பதில்: உங்கள் பக்கத்துச் சிறுமலை வாழைப்பழம், வீட்டுக்கு இரண்டு கிலோ சின்ன வெங்காயம், தடைக்காலமானால் ஒரு சிப்பம் அரிசி. இவற்றைவிட முக்கியம் தண்ணீர். பல ஊர்களில் கிணறு உப்பு. குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள். ஐந்து பேர் குளித்துக் கிளம்பினால் அந்த வீட்டின் அன்றாடக் கணக்கே குலையும். அறையிலேயே குளித்துவிட்டு, 20 லிட்டர் கேன் ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமை அவர்கள் கறி சாப்பிட மாட்டார்கள்; அன்று கறி வாங்கிப் போய் அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

திரும்பும்போது மீன் கொடுத்தனுப்புவார்கள், மறுக்காதீர்கள். குடலும் செவுளும் எடுக்கச் சொல்லி, தெர்மாகோல் பெட்டியில் மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ் வைத்து அடுக்க வேண்டும். கீழே சிறு துளை இட்டு அடியில் தட்டு வையுங்கள். உருகிய நீரில் ஊறினால் மீன் குழைந்துபோகும். கருவாட்டைச் செய்தித்தாளில் சுற்றி மூடி போட்ட வாளியில் வையுங்கள். பாலித்தீனில் இறுக்கிக் கட்டினால் வேர்த்துப் புழு வைக்கும்.

கேள்வி: கடற்கரைத் தெருவில் கார் மணலில் புதைந்தால்?

பதில்: ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் இன்னும் தோண்டிக்கொண்டு இறங்கும். ஆளை இறக்கிவிட்டு, நான்கு டயரிலும் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணலை விலக்கிப் பனை மட்டையோ சாக்கோ போட்டு முதல் கியரில் மெல்ல எடுங்கள். தார்ச் சாலைக்கு வந்ததும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுக்கக் கூடாது. ஊர் திரும்பிய அன்றே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.