தோப்பு விருந்துக்குக் காலையா, மாலையா?

கேள்வி: பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் தென்னந்தோப்பில், மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கல்லூரித் தோழிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் சேர்த்து 25 பேருக்கு விருந்து வைக்க எண்ணியிருக்கிறேன். இங்கிலாந்திலிருந்து வரும் தோழி குரோக்கே விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு வருகிறாள். என்ன சமைக்கலாம், என்ன விளையாடலாம்? - வாசகி, பொள்ளாச்சி.

பதில்: முதலில் நேரத்தை மாற்றிவிடுங்கள். மாலை வேண்டாம், காலை ஆறரை மணிக்கே வரச் சொல்லுங்கள். மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில். பகலெல்லாம் காய்ந்த நிலத்தில் நாலு மணிக்கு மேல் இடி மின்னலோடு கோடை மழை இறங்குவது நம் பக்கத்தில் புதிதல்ல. உயர்ந்து நிற்கும் தென்னைகளில் மின்னல் விழக்கூடும் என்பதால், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கவும் முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் கோபிப் பக்கம் ஒரு தோப்பில் இப்படித்தான் அரிசி பருப்பு சாதப் போசியை நாலு பேர் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடி, எல்லோரும் நின்றபடியே சாப்பிட்டு முடித்தோம். ருசிக்குக் குறைவில்லை, விளையாட்டுத்தான் ஒன்றும் நடக்கவில்லை.

காலை விருந்து என்றால் சந்தகையை மிஞ்ச எதுவும் இல்லை. புழுங்கலரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லிபோல் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் இடியாப்பம்போல் அச்சில் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. ஆகவே அதை வீட்டிலேயே முடித்துக் கொண்டுபோகாமல், தோப்பிலேயே அடுப்பு மூட்டி, வந்தவர்களையே மாற்றி மாற்றிப் பிழியச் சொல்லுங்கள். பெரியவர்கள் மறுத்தாலும் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். தொட்டுக்கொள்ள வெல்லமும் ஏலக்காயும் சேர்த்த தேங்காய்ப்பால், காரத்துக்குக் கொள்ளுப் பருப்பு, இரண்டும் போதும். தேங்காய்ப்பாலைப் பரிமாறுவதற்குச் சற்று முன்னால்தான் பிழிய வேண்டும், ஏனெனில் 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் இத்தகைய உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருப்பது நல்லதல்ல.

விளையாட்டுக்கு வருவோம். இறகுப்பந்தை விட்டுவிடுங்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் எழுந்தாலும் பந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். அதற்குப் பதில் கம்பளிப் பந்தால் ஆடும் பூப்பந்தில் பக்கத்துக்கு ஐந்து பேர் இறங்கலாம், பத்துப் பேருக்கு வேலை கிடைக்கும். கிட்டிப்புள்ளைப் பிள்ளைகள் இல்லாத ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆட்டமானாலும் தென்னைக்கு நேர் கீழே வேண்டாம். முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் முதல் நாளே இறக்கிவிடுங்கள்.

தோழியின் குரோக்கே, மரச் சுத்தியலால் பந்தைத் தட்டி ஆறு வளையங்களுக்குள் செலுத்தி, கடைசியில் நடுவிலுள்ள முளையில் தட்டி முடிக்கும் ஆட்டம். முழு ஆடுகளத்துக்கு 35 கெஜ நீளமும் 28 கெஜ அகலமும் வேண்டும். விருந்துக்கு அதில் பாதி போதும். காய் உலர்த்தும் சிமெண்ட் களத்தில் பந்து நிற்காமல் ஓடும், வளையமும் நட முடியாது. புல்தரைக்காக நர்சரிக்குப் போக வேண்டாம். வரப்போரத்து அருகம்புல்லும் புல்தரைக்கு வளர்க்கும் புல்தான். சமதளமாக ஓரிடம் பார்த்து ஒட்ட வெட்டுங்கள். மே மாதத்து மண் வளையத்தை ஏற்காது என்பதால் இரண்டு நாள் முன்பே தண்ணீர் பாய்ச்சுங்கள். அன்றைக்கே பாய்ச்சினால் சேறாகிவிடும்.

கேள்வி: விருந்துக்கு நுங்கை முதல் நாளே வாங்கி வைக்கலாமா? - வாசகர், தாராபுரம்.

பதில்: வெட்டாத குலையாக என்றால் வாங்கலாம். சுளையாக எடுத்தது இந்த வெயிலில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். அரிவாள் பிடிக்கத் தெரிந்த ஒருவரை விருந்துக்கு அழைத்துவிடுங்கள்.